நாலு எண்ணும் நேரம்

ஓர்லசே தீவுக்கு எதுவும் நேரத்துக்கு வந்து சேர்ந்ததாகச் சரித்திரம் இல்லை. பத்து மணிக் கப்பல் பதினொன்றரைக்கு வரும், திங்கட்கிழமைப் பத்திரிகை புதன்கிழமை வரும், கோடை என்று ஒன்று வருவதானால் அது செப்டம்பரில் மூன்று நாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்; ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரையில் யாரோ பேனாவை உதறியபோது விழுந்த மைச்சொட்டுப் போலக் கிடக்கிற அந்தத் தீவின் நூற்று எண்பது சனங்களும் பிந்தி வருவதைப் பற்றிக் குறைப்படுவதை எப்போதோ விட்டுவிட்டார்கள். ஆகையால், ஏப்ரல் மாதத்து ஒரு திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்கு, கடலின் மேலாக, கண்ணுக்குத் தெரியாத ஆயிரமாயிரம் சின்னப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் "மஞ்சள் வீடு" என்று கத்திய சத்தம் வந்து துறைமுகச் சுவரில் மோதியபோது, துறைமுகப் பொறுப்பாளன் டூகல் செய்த முதல் காரியம் கைக்கடிகாரத்தைப் பார்த்ததுதான். இரண்டாவது காரியம், தபால் கந்தோர்க் கதவைத் தட்டி, "நளா, உனக்கு ஏதோ வந்திருக்கு" என்று சொன்னது.

டூகல் பேசியது ஆங்கிலம்தான், அதுவும் பாதியை மூக்குக்குள்ளேயே வைத்துக்கொள்கிற ஆங்கிலம். ஆனால் நளாயினி அந்தத் தீவில் இருந்து இருந்து, அந்தச் சனங்கள் எதைச் சொன்னாலும் அது அவளுடைய காதில் சொந்த ஊரான காரைநகரின் தமிழாகத்தான் விழுந்தது. அதனால் இந்தக் கதையிலும் அப்படியே விழட்டும்.

அவளுக்குத்தான் வந்திருக்கிறது என்பதில் டூகலுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. இருபத்துமூன்று வருடங்களுக்கு முன் ஒரு தொலைக்காட்சிக் கம்பனி தீவுக்கு வந்து, துறைமுகத்தோரம் சாம்பல் நிறத்தில் பேசாமல் நின்ற எட்டு வீடுகளுக்கு எட்டு நிறம் அடித்து, பள்ளிக்கூடம் போகாத வயதுப் பிள்ளைகளுக்கென்று ஒரு தொடர் எடுத்தது. 'யார் வீட்டுக்குப் போகலாம்?' என்பது அதன் பெயர். அதில் மஞ்சள் வீட்டில் ஒரு கேக் செய்பவள் இருந்தாள், சிவப்பு வீட்டில் ஒரு மீன்பிடிகாரன், நீல வீட்டில் சங்கீத வாத்தியார், இப்படி எல்லா வீட்டிலும் ஆள் இருந்தது. எல்லாரையும் போய்ப் பார்க்கிற தபால்காரிக்கு மட்டும் வீடு எழுதவில்லை, எழுதியவர்கள் மறந்துபோனார்கள். அந்தத் தபால்காரி நளாயினி. ஒவ்வொரு நாளும் அவள் துறைமுகத்தின் நுனியில் ஒரு பார்சலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கமராவைப் பார்த்து, "இண்டைக்கு யார் வீட்டுக்குப் போகலாம்?" என்று கேட்டு, கண்ணை அகல விரித்தபடி நாலு எண்ணுவாள்.

அந்த நாலுதான் தொழில். நெறியாள்கை செய்த பெண் முதல் வாரமே அவளுக்குச் சொல்லித் தந்துவிட்டாள்: மூன்றோடு நிறுத்தினால் பிள்ளைக்கு வாய் திறக்க நேரம் போதாது, ஐந்துக்குப் போனால் பிள்ளை எழும்பி விளையாட்டுச் சாமானிடம் போய்விடும். நளாயினி தமிழில் எண்ணுவாள், நாக்கைப் பல்லுக்குப் பின்னால் வைத்து, ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு, பிறகு, "ஓ, மஞ்சள் வீடோ? சரியாச் சொன்னீங்கள்" என்று சிரிப்பாள். யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். எதிரே ஒரு கமராவும், குளிரில் மூக்குச் சிவந்த ஏழு பேரும், சாண்ட்விச்சைப் பறிக்கப் பார்க்கிற ஒரு கடற்புள்ளும்தான். நாடு முழுக்க வீட்டு விறாந்தைகளிலும் சமையலறைகளிலும் பிள்ளைகள் கத்திய பதில்கள் எங்கே போயின என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. அவை புறப்பட்டு வந்துகொண்டிருந்தன; இருபத்திரண்டு வருடம் பிந்தி இப்போதுதான் வந்து சேர்ந்தன. ஓர்லசேக்கு வருகிற கப்பலில் ஏறினால் அவ்வளவு நேரம் எடுக்கும் என்று டூகல் சொன்னான், அவனே அந்தக் கப்பலுக்குக் கயிறு போடுகிறவன் என்பதை மறந்து.

செவ்வாய்க்கிழமை அதே பத்தேகாலுக்குச் சிவப்பு வீடு என்றார்கள். புதன்கிழமை மறுபடி மஞ்சள். நாலு எண்ணும் நேரம்தான் சத்தம். பிறகு கடல் தன்பாட்டில் கிடக்கும். சனி ஞாயிறில் ஒன்றும் வரவில்லை, அந்தத் தொடர் சனி ஞாயிறில் ஓடியதில்லை, ஆகவே போதகருக்கும் இந்த விஷயத்தில் ஆட்சேபணை இருக்கவில்லை. நளாயினி அலுமாரிக்கு மேலிருந்து பழைய அட்டவணையை எடுத்துத் தூசி தட்டிப் பார்த்தாள். முதல் வருடத்துக்கு மட்டும் நூற்றிருபது பகுதிகள். ஒளிபரப்பிய வரிசையில், ஒரு நாளைக்கு ஒன்றாக, ஒன்றும் பிசகாமல் வந்துகொண்டிருந்தன.

ஏன் வருகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள அந்த ஊரில் யாருக்கும் நேரம் இல்லை. வந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதே அவர்களுடைய கேள்வி. பள்ளிக்கூட ரீச்சர் இடைவேளையைப் பத்தேகாலுக்கு மாற்றினாள். ஆட்டுக்காரர்கள் அந்த நேரத்துக்கு நாய்களைக் கட்டி வைத்தார்கள், ஏனென்றால் நாய்கள் பிள்ளைகளைத் தேடிக் கடலுக்குள் ஓடின. இரண்டாம் வாரம் ஊர்க்கூட்டம் கூடியது. நாலு மணி நேரம் கதைத்து ஒரே ஒரு முடிவு எடுத்தார்கள். இவ்வளவு தூரத்திலிருந்து, இவ்வளவு காலம் கழித்து, பிள்ளைகள் ஒரு வீட்டைச் சொல்கிறபோது அந்த வீட்டுக்குப் போகாமல் இருப்பது மரியாதை இல்லை என்பதே அந்த முடிவு. அன்று தொட்டு, எந்த நிறத்தைச் சொல்கிறார்களோ அந்த வீட்டில் பதினொரு மணிக்குத் தேநீர். வேலையில்லாதவர்கள் எல்லாரும் போவார்கள், வேலை உள்ளவர்கள் அதைப் போட்டுவிட்டுப் போவார்கள்.

இதில் அடிபட்டவள் எஃபி. மஞ்சள் வீட்டுக்காரி, எழுபது வயது, தனியாள், கையும் வாயும் கொஞ்சம் கூடுதலாக வேலை செய்கிறவள். பிள்ளைகளுக்கு என்றைக்கும் கேக் வீட்டில்தான் கண். வாரத்தில் மூன்று நாள் மஞ்சள், சில வாரம் நாலு நாள். எஃபி அடித்த மாவும் உடைத்த முட்டையும் கொஞ்சநஞ்சம் இல்லை. கடைசியில் ஒரு சனிக்கிழமை ஏணியைப் போட்டு வீட்டுக்குப் பழுப்பு நிறம் அடித்துவிட்டு, "இனி வந்து பாருங்கோ" என்று கையைத் துடைத்தாள். திங்கட்கிழமை பிள்ளைகள் வழமைபோல மஞ்சள் வீடு என்றார்கள். ஊர் வழமைபோல அவளுடைய வாசலில் போய் நின்றது. பெயின்ற் வாங்கினதுதான் மிச்சம் என்று மூன்று நாள் யாருடனும் பேசாமல் இருந்தாள். ஆனால் பன்னிரண்டு வருடமாக அவளுடன் முகம் கொடுத்துப் பேசாத டூகல் அந்த வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றபோது உள்ளே விட்டாள், இரண்டாவது கோப்பையும் ஊற்றினாள். வேலியைப் பற்றிய சண்டை அது. வேலி விழுந்தே எட்டு வருடம்.

மனதுக்குள் எஃபி அக்கா என்றே நளாயினி அவளை அழைப்பாள். அந்த அக்காவுக்குத்தான் முதலில் விளங்கியது. எல்லாரும் எந்த நிறம் என்று காது கொடுக்க, நளாயினி மட்டும் முகத்தைச் சுருக்கிக்கொண்டு, கூட்டத்துக்குள் ஒரு பிள்ளையைத் தொலைத்தவள் போல நிற்பதை அவள் பத்து நாளாகப் பார்த்திருந்தாள்.

"ஆரைத் தேடுறாய், பிள்ளை?" என்று கேட்டாள்.

"என்ரை மகளை" என்றாள் நளாயினி.

மகளின் கதையை அவள் அந்தத் தீவில் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. மகள் இருக்கிறாள் என்று ஊருக்குத் தெரியும், லண்டனில் வேலை என்று தெரியும், மீதி தெரியாது. மீதி இதுதான். ஆரபிக்கு இரண்டு வயதாக இருக்கும்போது அவளுடைய தகப்பன் கனடாவுக்குப் போய், போன இடத்தில் வேறு குடும்பமாகிவிட்டான். நளாயினி ஒரு பாலர் பாடசாலையில் உதவியாளாக இருந்தாள். பிள்ளைகளிடம் அவள் கேள்வி கேட்கிற வடிவைப் பார்த்து டிவிக்காரர்கள் அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிள்ளையை லண்டன் ஈஸ்ட் ஹாமில் தமக்கை தவமலரிடம் விட்டாள். வருடத்தில் ஏழு மாதம் படப்பிடிப்பு, மூன்று வருடம். பிள்ளையைத் தீவுக்குக் கூட்டிவர விடுவீர்களா என்று அவள் கம்பனியில் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் விட்டிருப்பார்கள், மற்றவர்கள் நாயைக்கூடக் கூட்டி வந்தார்கள். முதன்முதலாகக் கிடைத்த நல்ல வேலை, வாயைத் திறந்தால் பறித்துவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயத்துக்காக அவள் பிறகு வெட்கப்பட்ட அளவுக்கு வேறு எதற்கும் வெட்கப்பட்டதில்லை.

முதல் வருடம் எடுத்தது இரண்டாம் வருடம் ஓடியது. அது ஓடும்போது அவள் தீவில் அடுத்ததை எடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை ஒவ்வொரு நாளும் டிவிக்கு முன்னால் முகத்தை ஒட்டிக்கொண்டு இருக்கிறாள் என்று தவமலர் சொல்ல, அதைக் கேட்டு அவள் சந்தோஷப்பட்டாள். மடைச்சி, உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். எல்லாம் முடிந்து மகளைக் கூட்டப் போனபோது ஐந்து வயது ஆரபி பெரியம்மாவின் பின்னால் மறைந்து நின்று, "நீங்கள் டிவிக்குப் போகேல்லையோ?" என்று கேட்டாள். இரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்து பார்த்தும் அந்தப் பிள்ளை பெரியம்மாவின் மடியை விட்டு இறங்கவில்லை. அப்போதுதான் ஓர்லசேயிலிருந்து கடிதம் வந்தது: தபால் கந்தோருக்கு ஆள் இல்லை, மூன்று வருடம் தபால்காரியாக நடித்தவளுக்கு வேலை பழக்கத் தேவையில்லை என்று ஊர் நினைக்கிறது, வர முடியுமா. ஆறு மாதம் என்று சொல்லிப் போனவளுக்கு அங்கே பதினெட்டு வருடம் ஆகிவிட்டது.

இடையிடையே லண்டனுக்குப் போவாள், விருந்தாளி போல இரண்டு நாள் இருப்பாள். ஆனால் நாலு எண்ணுகிற தொழில் அவளுடைய உடம்பில் ஊறிவிட்டது. யாரிடம் எதைக் கேட்டாலும் நாலு எண்ணிவிட்டுத் தானே பதிலைச் சொல்லிவிடுவாள். தீவில் அதைப் பகிடியாக எடுத்தார்கள், பதில் சொல்கிற வேலை மிச்சம் என்றார்கள். ஐந்து வருடத்துக்கு முன், கடைசியாகப் போன முறை, அவள் மகளிடம் தயங்கித் தயங்கி, "என்னோட வந்து கொஞ்ச நாள் இருக்கிறியோ?" என்று கேட்டாள். ஆரபி வாயைத் திறந்தாள். நாலு முடிந்துவிட்டது. "உனக்கு வேலை இருக்கும், எப்பிடி வருவாய், பரவாயில்லை" என்று நளாயினியே சொல்லி முடித்தாள். "நீங்கள் ஏனம்மா என்னட்டைக் கேள்வி கேக்கிறனீங்கள்?" என்றாள் ஆரபி. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி மட்டும்தான்.

எஃபி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இரண்டு துண்டு கேக் வெட்டி வைத்தாள்.

பதினேழாம் நாள் நளாயினி கேட்டாள். பெல்ஃபாஸ்ட் உச்சரிப்பிலும் கார்டிஃப் உச்சரிப்பிலும் பிள்ளைகள் மஞ்சள் மஞ்சள் என்று கத்த, ஒருத்தன் தனக்கு மூத்திரம் வருகிறது என்று அறிவிக்க, இன்னொருத்தி காரணமில்லாமல் அழ, அவ்வளவுக்கும் கீழே, தெளிவாக, தமிழில், "மஞ்சள் வீடு, அம்மா." பெற்றவளுக்குத் தெரியாதா அந்தக் குரல். ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்க முடியாமல் அன்றே தொலைபேசி எடுத்தாள்.

"ஆரபி, சாப்பிட்டியோ? சாப்பிட்டிருப்பாய். உன்ரை குரல் இஞ்சை வந்தது. உனக்கு நம்பிக்கை வராது."

"வருது" என்றாள் ஆரபி. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுக்கிறவள், மனிசருக்குள்ளே என்னென்ன இருக்கும் என்று பார்த்துப் பழகியவள். "சின்ன வயதில நான் நெடுகச் சொல்லுறனான். நீங்கள் கேட்டு முடிக்க முந்தியே சொல்லுறனான்."

"மஞ்சள் எண்டு சொன்னனீ. அண்டைக்கு மஞ்சள்தான். சரியாச் சொன்னனீ."

நளாயினியின் நாக்கு எண்ணத் தொடங்கியது, ஆனால் ஆரபி முந்திக்கொண்டாள்.

"ஒரு நாள் நான் வேற ஒண்டு சொன்னனான், அம்மா. நிறம் இல்லை. வேற. அதுக்கும் நீங்கள் சரியாச் சொன்னீங்கள் எண்டு சிரிச்சுப்போட்டுப் போட்டீங்கள்."

"என்ன சொன்னனீ?"

"எல்லாம் வருதெண்டால் அதுவும் வரும்தானே. கேளுங்கோ." தொலைபேசியை வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து நளாயினிக்கு அந்த நாலு செக்கனைத் தவிர வேறு எதுவும் முக்கியமில்லை. தவறவிட்டால் தவறவிட்டதுதான், அது திரும்பி வராது. இரண்டு தடவை பிள்ளை சொல்லியும் கேட்காத தாய் ஆகிவிடுவாள். ஆனால் ஊரோ அதற்குள் பத்தேகாலைத் திருவிழா ஆக்கி வைத்திருந்தது. சனம் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு துறைமுகத்தில் கூடியது, நீலம்தான் என்று ஒருத்தர் சொல்ல, பச்சை என்று இன்னொருத்தர் சொல்ல, குரல்கள் வந்ததும் கைதட்டலும் விசிலுமாகப் பாதி சத்தம் அமுங்கிப்போனது. செய்தி கேள்விப்பட்டு ஒரு வானொலிக்காரன் மைக்குடன் வந்தான். அவனுடைய மெஷினில் காற்றும் கடற்புள்ளும் மட்டும்தான் பதிந்தன. கோபித்துக்கொண்டு அடுத்த கப்பலில் போனான், அது மூன்று மணி நேரம் பிந்தியது. இந்த அமளிக்குள் ஒரு நாளைக்குத் தமிழ் ஏதோ கேட்டதுபோல இருந்து, என்னவென்று பிடிக்க முடியாமல், நளாயினி தபால் கந்தோருக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதாள்.

அடுத்த நாள் பத்தே பத்துக்கு அவள் வெளியே வந்தபோது துறைமுகத்தில் ஊரே நின்றது, ஆனால் மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. எஃபி என்ன சொல்லி வைத்தாளோ தெரியாது, எப்படிச் சொல்லியிருப்பாள் என்று ஊகிக்கலாம். ரொட்டி சுடுகிற வெதுப்பகத்தில் இரைகிற காற்றாடியை நிறுத்தியிருந்தார்கள். ரீச்சர் பிள்ளைகளின் வாயில் ஆளுக்கொரு ரொஃபி போட்டிருந்தாள். படகுகளின் கொடிக்கயிறுகள் அடிக்காதபடி துணி சுற்றியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பத்து மணிக் கப்பல் தன் வாழ்நாளில் முதல் தடவையாக நேரத்துக்கு வரப் பார்க்க, டூகல் வானொலியில் கப்டனைப் பிடித்து, "அங்கையே நில். இயந்திரத்தை நிப்பாட்டு. நளா கேக்கிறாள்" என்று நடுக்கடலில் நிறுத்தி வைத்திருந்தான். கப்டன் ஏன் என்று கேட்கவில்லை. கப்பலில் இருந்த உல்லாசப் பயணிகள், இந்த ஊர் வழக்கம் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்களாம்.

அப்படி ஒரு நாள் அல்ல. வாரத்துக்கு ஐந்து நாள், மே முழுக்க, யூன் முழுக்க, யூலை முழுக்க. மழையிலும் நின்றார்கள். குரல்கள் வந்து போன பிறகு எல்லாரும் நளாயினியைப் பார்ப்பார்கள், அவள் இல்லை என்று தலையசைப்பாள், அவர்கள் மூச்சை விட்டுவிட்டு அன்றைய வீட்டுக்குத் தேநீர் குடிக்கப் போவார்கள். மகள் நீலம் என்றாள், சிவப்பு என்றாள், ஒரு நாள் இருமினாள். இருமலைக் கேட்டு நளாயினி இரண்டு நாள் சாப்பிடவில்லை, இருபத்திரண்டு வருடத்துக்கு முந்திய இருமல் என்று எஃபி எவ்வளவு சொல்லியும். அட்டவணையில் நாட்கள் குறையக் குறைய, அது அந்த அமளி நாளிலேயே வந்து போய்விட்டதோ என்ற பயம் அவளைத் தின்றது.

நூறாம் நாள், ஓகஸ்ட் மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை, வந்தது.

பிள்ளைகள் நீல வீடு என்று கத்தினார்கள். அந்தச் சத்தத்தின் ஓரத்தில், கத்தாமல், பக்கத்தில் இருக்கிற ஆளிடம் சொல்கிற மாதிரி, மூன்று வயதுக் குரல் ஒன்று சொன்னது: "எங்கடை வீட்டுக்கு வாங்கோ, அம்மா. நான் இஞ்சைதான் இருக்கிறன்."

பிறகு கடல்.

அந்தப் பகுதி நளாயினிக்கு நினைவிருந்தது. வெயில் நாள், நீலத் தாவணி போல ஒரு துணியைக் கழுத்தில் சுற்றியிருந்தாள், நாலு எண்ணி முடித்து, "ஓ, நீல வீடோ? சரியாச் சொன்னீங்கள், வாங்கோ போவம்" என்று கமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துள்ளித் துள்ளி ஓடினாள். பிள்ளை அங்கே இருந்து கூப்பிட்டிருக்கிறது. தாய் சிரித்துவிட்டு வேறு வீட்டுக்கு ஓடியிருக்கிறாள்.

"எந்த வீட்டைச் சொன்னது?" என்று டூகல் மெதுவாகக் கேட்டான். தமிழ் விளங்காவிட்டாலும் அந்தக் குரல் நிறத்தைச் சொல்லவில்லை என்று எல்லாருக்கும் விளங்கியிருந்தது.

"ஈஸ்ட் ஹாமில" என்றாள் நளாயினி. "என்ரை பிள்ளை இருக்கிற வீடு."

ஊர்முடிவின்படி எல்லாரும் போகத்தான் வேண்டும் என்று சிலர் சட்டம் பேசத் தொடங்கினார்கள். எஃபி அவர்களை ஒரு பார்வையில் அடக்கினாள். "கூப்பிட்டது அவளை" என்றாள். போவதற்குக் கப்பல் நின்றது, நடுக்கடலில் நிறுத்தியதால் பிந்திப்போய், சரியாக அவள் ஏறும் நேரத்துக்கு. எட்டு வீட்டிலிருந்தும் ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து அவளுடைய கையில் திணித்தார்கள்: ஜாம் போத்தல், பிஸ்கட் தகரம், புகைபோட்ட மீன், இரண்டு சோடிக் காலுறை. எஃபி தான் பின்னிய சிவப்புக் கம்பளித் தொப்பியைத் தந்தாள். அது ஒரு மாம்பழத்துக்குத்தான் அளவாக இருக்கும்.

"எஃபி அக்கா, அவளுக்கு இருபத்தைஞ்சு வயது."

"நான் கேட்ட குரலுக்கு மூண்டு" என்றாள் எஃபி.

கப்பல், பஸ், ரயில், மறுபடி ரயில். சனிக்கிழமை முற்பகல் பதினொரு மணிக்கு நளாயினி ஈஸ்ட் ஹாமில் அந்தக் கதவின் மணியை அடித்தாள். தவமலர் போன வருடம் மகனிடம் டொரொன்டோவுக்குப் போன பிறகு ஆரபி அந்த வீட்டில் தனியாகத்தான் இருந்தாள். தலை முழுகிய ஈரத்தைத் துவாயால் துடைத்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள். கூப்பிட்ட பிள்ளையின் கண்தான், ஆனால் உயரம் நளாயினியை விட ஒரு சாண் கூட.

"என்னம்மா, சொல்லாமல் வந்து நிக்கிறீங்கள்?"

"வரச் சொன்னனீ" என்றாள் நளாயினி.

ஆரபியின் கை துவாயோடு நின்றது. "கேட்டதோ?"

"நேற்றுக் கேட்டது."

"நீல உடுப்புப் போட்டிருந்தனீங்கள்."

"ஓம். கழுத்தில."

"நீங்கள் அங்காலை திரும்பி ஓடினீங்கள். நான் டிவிக்குப் பின்னால போய்ப் பாத்தனான்." குரலில் கோபம் இல்லை, எக்ஸ்ரேயைப் பார்த்து எங்கே உடைந்திருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். "அங்கை வயர்தான் இருந்தது."

நளாயினி வழி முழுக்க எத்தனையோ சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். பயத்தைச் சொல்ல நினைத்தாள், கம்பனியைச் சொல்ல நினைத்தாள், தீவுச் சனம் மழையில் நின்றதைச் சொல்ல நினைத்தாள். அந்த வயரைப் பற்றிக் கேட்ட பிறகு ஒரே ஒரு கேள்விதான் மிஞ்சியது.

"உள்ளுக்கு வரட்டோ?"

கேட்ட உடனே நாக்கு பல்லுக்குப் பின்னால் போய்விட்டது. ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு. நாலு முடிந்ததும் பதில் தானாக வந்து உதட்டில் நின்றது: உனக்கு வேலை இருக்கும், நான் பிறகு வாறன், பரவாயில்லை. நளாயினி அதை விழுங்கினாள். அவ்வளவு பெரிய சாமானை அவள் வாழ்க்கையில் விழுங்கியதில்லை. ஐந்து. ஐந்துக்குப் பிறகு என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அங்கே அவள் போனதே இல்லை. பிள்ளை எழும்பிப் போய்விடும் என்று சொல்லித் தந்திருந்தார்கள். ஆறு, ஏழு. ஆரபி எழும்பிப் போகவில்லை, கதவைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள், முடியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் படியில் விழுந்தது. பன்னிரண்டு, பதின்மூன்று. பின்னால் ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை இறக்கிப் போட்டுப் போனது. பிஸ்கட் தகரம் கையை அறுத்தது. எண்ணிக்கை இருபதைத் தாண்டியபோது ஆரபி வாயைத் திறந்து, தாய் இப்போது ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்து, தாய் சொல்லாததால் மறுபடி மூடினாள். நளாயினி எண்ணிக்கொண்டே நின்றாள். மாலைவரை என்றால் மாலைவரை, இருபத்திரண்டு வருடம் என்றால் அதுவும் சரி, இந்தப் பதிலை இந்தப் பிள்ளைதான் சொல்ல வேண்டும். நாற்பதோ ஐம்பதோ, எங்கேயோ கணக்குப் பிசகியது. அதன் பிறகு அவள் எண்ணவில்லை, சும்மா காத்து நின்றாள்.

ஆரபி துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவை விட்டு விலகினாள்.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ, அம்மா."